ஒரே வாசலுக்கு இரண்டு பவனி

அப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினரும் நண்பர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் உற்சாகம்தான் வருகிறது!

அப்பா சேவுகம்பட்டியில் வெங்காயம் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் தகப்பனாரை இழந்து, உறவினர் வீடுகளில் தங்கிப் படித்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் எங்கள் சபைக்கு உபதேசியாராக வந்தார். குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபமும் பிரசங்கமும் அப்பாதான். யார் மனமும் நோகக் கூடாது என்பது அவர் குணம். அந்த நல்ல குணமே ஒரு வருடம் சபையை இரண்டாக்கப் பார்த்தது.

சபையில் இரண்டு மூப்பர்கள். ஒருவர் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர், மற்றவர் தலைமையாசிரியர். குருத்தோலைப் பவனி மலையடிவாரத்தில் பட்டறை மூப்பர் வீட்டிலிருந்து புறப்படுவதா, ரயிலடியில் தலைமையாசிரியர் வீட்டிலிருந்தா என்று தகராறு. தன் பேச்சு எடுபடாவிட்டால் தன் தெருவில் தனி ஜெபக்கூடம் போடுவதாக இருவருமே சொல்லிவிட்டார்கள்.

அப்பா பண்டிகைக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் ஒற்றுமையைப் பற்றியே பிரசங்கித்தார். ஒரு ஞாயிறு, அந்தியோகியாவில் தவறு செய்த பேதுருவை அப்போஸ்தலர் பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார், ஆனாலும் இருவரும் ஒரே ஆண்டவருக்கே ஊழியம் செய்தார்கள் என்று விளக்கினார். ஆராதனை முடிந்ததும் பட்டறை மூப்பர் எங்கள் வீடு தேடி வந்தார்.

"ஐயா, இன்னைக்கு அந்தப் பேதுருவுக்கு நல்லா ஒறச்சிருக்கும்!"

செத்த நேரத்தில் தலைமையாசிரியர் வந்து அதையே சொன்னார். இருவருமே தம்மைப் பவுல் என்று நினைத்திருந்தார்கள்! அம்மா அடுக்களையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பவனி தம் வீட்டிலிருந்துதானே என்று இருவரும் தனித்தனியே கேட்டபோது, அப்பா இருவரிடமும் "சரி" என்று சொல்லிவிட்டார்.

குருத்தோலை ஞாயிறு காலையில் ரயிலடியில் ஜெபம் செய்து ஒரு பவனியைத் தொடங்கி வைத்துவிட்டு, குறுக்குச் சந்துகளில் ஓடி மலையடிவாரத்தில் இன்னொன்றைத் தொடங்கி வைத்தார். கோயில் வாசலில் இரண்டும் தானாகக் கலந்துவிடும் என்பது அவர் கணக்கு. கலக்கவில்லை! கோயில் சந்தின் இரு முனையிலிருந்தும் இரண்டு கூட்டம், இரண்டு பாட்டு, இரண்டு ஆர்மோனியம். நான் ரயிலடிக் கூட்டத்தில், அண்ணன் எதிர்க் கூட்டத்தில். நடுவில் கோயில் வாசல். யார் முதலில் நுழைவது? ஓலைகள் உயர்ந்து நின்றன. யாரும் அசையவில்லை.

அப்பா மூச்சு வாங்க ஓடிவந்து வாசலில் நின்றார்.

"குத்தம் என்னுது. ரெண்டு பேருகிட்டயும் சரின்னு சொன்னவன் நான்தான். ஒத்துமையைப் பத்தி அம்புட்டுப் பேசிட்டு, பயந்துபோயி நானே சபைய ரெண்டாக்கிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

அவ்வளவு பேர் முன்னால் அப்பா கைகூப்பி நின்றார். பட்டறை மூப்பர்தான் முதலில் தலைகுனிந்தார். "வாத்தியாரையா, நீங்க முன்னால போங்க" என்றார். "இல்ல, நீங்க போங்க" என்றார் தலைமையாசிரியர். இப்போது அதற்கு ஒரு தகராறு! "வெயில் ஏறுது, நாங்க போறோம்" என்று அம்மா உள்ளே நுழைந்துவிட்டார். அவர் பின்னால் இரண்டு கூட்டமும் ஒன்றாகப் புகுந்தன. அன்று பாடிய பாட்டில் கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. ஜெபக்கூடப் பேச்சு அதோடு ஒழிந்தது.

அப்பா நோயில் கிடந்த கடைசி மாதங்களில் அதே மூப்பர்கள் இருவரும் நாள் தவறாமல் வந்து வேதம் வாசித்தார்கள். அவர்களுக்கும், நேரம் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், எங்களுக்கு அடுப்பு மூட்ட வேலையே வைக்காத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அப்பாவைச் சொந்த ஊரில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று அண்ணன் கேட்டார். அவரிடம் சரி என்று சொல்லிவிட்டு, திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொன்னவள் நான். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. தவறு அவருடையது என்றே இந்த ஓராண்டும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

அண்ணா, தவறு என்னுடையது. அன்று அடக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் கைக்கும் இந்த மலர் போகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நினைவு ஜெபத்துக்கு வாருங்கள். நீங்கள் வந்த பிறகுதான் தொடங்குவோம்.