கூடைக்கு மட்டும் டிக்கெட்

ஜெயமங்கலத்திலிருந்து பெரியகுளம் போகும் 'நதியா' மினிபஸ்ஸில் கடைசி சீட்டு ஜன்னலோரம் என்னுடையது. அலுவலகம் போகிறவரைக்கும் அதில் சாய்ந்து தூங்குவேன். அந்தச் சீட்டைப் பிடுங்கிப் போட்டவர் ஜக்கம்மா. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பஸ்ஸுக்குச் சொந்தக்காரர், டிரைவர் இரண்டும் அவர் கணவர் மொக்கைச்சாமிதான். ஜக்கம்மாவின் அப்பா கொடுத்த மாந்தோப்பை விற்று இரண்டு பஸ் வாங்கி, மகள் பெயரை வைத்தார். நன்றாகத்தான் ஓடின. பிறகு அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்ததும் பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். யாரைக் குறை சொல்வது? என் வீட்டுக்காரியும் அதில்தான் போகிறாள்.

ஒரு பஸ் கைவிட்டுப் போனது. மிச்சமிருந்ததைக் காப்பாற்ற மொக்கைச்சாமி தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். உள்ளே வண்ண விளக்கு, காது கிழிகிற ஸ்பீக்கர், புது ஹாரன். கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்துக்கொண்டு பஸ் காலியாகப் போய்க் காலியாக வந்தது. பாட்டுச் சத்தத்தில் என் தூக்கம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார். தேனியில் ஒருவர் வாங்கவும் தயார். ஆனால் அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் வண்டி வாங்குவார்கள்? ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று அவர் போய்விட்டார்.

பஸ் போனால் மொக்கைச்சாமி திருப்பூரில் லாரி ஓட்டப் போக வேண்டும். அவருக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். "அங்கன போயி மயங்கி விழுந்தா யாரு பாப்பாக?" என்று கண்டக்டர் பொன்னுராஜிடம் ஜக்கம்மா புலம்பினார்.

அந்த ஆடியில்தான் ஜக்கம்மா ஒவ்வொரு ஸ்டாப்பாகப் போய் நின்றார். பஸ்ஸில் ஏறுகிறவர்களை விட்டுவிட்டு, ஏறாமல் நிற்கிறவர்களைப் பார்த்தார். வெற்றிலை, கீரை, முருங்கைக்காய் என்று சந்தைக்குச் சுமந்து போகும் பெண்கள் இலவச பஸ் வந்தும் ஏறவில்லை. அதில் ஆளுக்கு இடமிருந்தது, கூடைக்கு இல்லை. ஷேர் ஆட்டோவில் கூடையும் தாங்களுமாகத் தொங்கிக்கொண்டு போனார்கள்.

பின்சீட்டுகளைக் கழற்றிக் கூடைக்கு இடம் பண்ணலாம் என்றார் ஜக்கம்மா. பஸ் ஸ்டாண்டிலேயே சண்டை.

"காலியா ஓடுற பஸ்ஸுல சீட்டையும் கழட்டுனா ஊரே சிரிக்குமேடி!"

"இப்ப மட்டும் சிரிக்காமலா இருக்காக?"

கடைசியில் இருவருமாகப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினார்கள். சீட்டுகள் போயின. ஸ்பீக்கரும் போனது. அது ஒன்றுக்காக நான் பாதிக் கோபத்தை விட்டுக்கொடுத்தேன்.

மறுநாள் படிக்கட்டில் நின்று ஜக்கம்மாவே கூவினார். "ஏறுங்க ஆத்தா! கூடைக்கு மட்டும் டிக்கெட். ஆளுக்கு ஓசி!"

வெற்றிலை விற்கும் அன்னத்தாய் நம்பவில்லை. "எறங்கையில காசு கேட்டேன்னா?"

"கேட்டா ஒன் வெத்தலையை எல்லாம் என் வாயில திணிச்சுப்புடு."

முதல் நாள் அன்னத்தாய் மட்டும்தான். ஆட்டோவைவிடக் குறைச்சல் என்று அவர் சந்தையில் சொல்லியிருக்க வேண்டும். நாளுக்கு நாள் கூடைகள் கூடின. அவர்களோடு மூட்டை வைத்திருந்த ஆண்களும் டிக்கெட் எடுத்து ஏறினார்கள்.

ஆவணி பிறந்தது. சொன்னபடி தேனிக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். ஓட்டிப் பார்க்கும்முன் உட்கார்ந்து பார்க்கலாமென்று படியில் கால் வைத்தார். அதற்கு மேல் கால் வைக்க இடமில்லை. உள்ளேயிருந்து அன்னத்தாய் குரல் கொடுத்தார்.

"யாருப்பா நீ? கூடை இருக்கா?"

"இல்லையே."

"அப்ப அடுத்த பஸ்ஸுல வா."

பஸ்ஸே சிரித்தது. தேனிக்காரரும் சிரித்துவிட்டார். மொக்கைச்சாமி கண்ணாடியில் பஸ் நிறைய இருந்த கூடைகளைப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. இது விக்கிறதுக்கில்ல."

ஜக்கம்மா 'ரைட்' சொன்னார். பொன்னுராஜ் விசிலடித்தான். கூடைகளைத் தாண்டி முன்னால் போய்த் தூக்குச்சட்டியை டிரைவர் பக்கத்தில் வைத்தார் ஜக்கம்மா.

"பெரியகுளத்துல நிறுத்துனதும் சாப்புட்டுருங்க."

"மத்தியானம் வீட்டுக்கு வந்தே சாப்புடுறேன். இனி நான் எங்கன போகப் போறேன்?"

ஜக்கம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. வழியெல்லாம் நின்றுகொண்டுதான் போனேன், முழங்காலில் யாருடைய கீரைக்கூடையோ இடித்துக்கொண்டே வந்தது.