"நாந்தான் படிக்க வெச்சேன்"

இன்று காலை சேந்தமங்கலம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கையிலிருந்த நாளிதழைத் தட்டிக் காட்டினார். மூளை ஆராய்ச்சிக்காக வெளிநாட்டில் விருது வாங்கிய எங்களூர்ப் பெண் விஞ்ஞானியின் படம்.

"இவ எங்க சித்தப்பா புள்ளைங்க. நாந்தான் படிக்க வெச்சேன்" என்றார்.

எனக்கு அவரைத் தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அவர்களுடைய கூட்டுக்குடும்ப வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன். அவளுக்கும் என் வயதுதான். ஒருநாள் அவளுடைய அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அப்போதே ஆராய்ச்சியில் பெயர் வாங்கியிருந்தவள், செய்தி கேட்டு பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணா, மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குதுங்க. இப்பவே சேலம் கொண்டு போகோணும்" என்று கெஞ்சினாள்.

"எலி மண்டைய அறுக்கறவ எங்க ஊட்டுல கை வெக்காத. இது காத்துக் கருப்பு. பூசாரி வாராரு."

இதே மனிதர்தான் அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டார்.

மூன்று நாள் என் வீட்டு வாசலில் நின்று, உள்ளே உடுக்கை அடிக்கும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் பிணத்தைப் பார்க்க மட்டும் உள்ளே விட்டார்கள்.

இன்று அவரிடம் கேட்டேன்: "அவங்கம்மா எப்படிங்க போய்ச் சேந்தாங்க?"

"அது விதிங்க" என்றவர் ஓர் அழைப்பிதழை நீட்டினார். ஊரில் அவள் பெயரில் நூலகம் திறக்கிறார்களாம். தலைமை இவர்.

"நீங்க அவசியம் வரோணுங்க."

போய் அவருக்கு ஒரு சால்வை போர்த்திவிட்டு வரலாமா? நீங்களே சொல்லுங்கள்.