என் பதிலைச் சொல்லி வேலைக்குப் போனவன்

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் நான் வண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வேன் டிரைவர் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, எங்க வாட்ச்மேன் விடியக்காலம் போயிட்டாரு" என்றார். ஞானமுத்துவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அங்கேயும் எனக்கு முன்னால் முந்திக்கொண்டானே என்றுதான் முதலில் தோன்றியது. சபையார் மன்னிக்க வேண்டும். அழுகை மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது.

நானும் அவனும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தறி. நம் சபையில் எழுத்தறியாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நான். அவன் எட்டாவது வரை படித்தவன். ஞாயிற்றுக்கிழமை அவன் வேதபாடம் வாசிப்பான். நான் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவேன். நம் சபைக் கோவில் அறிவிப்புப் பலகையில் அவன் எழுதினால் முத்துக் கோர்த்த மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது வெறும் சுண்ணாம்புக் கோடு. இருந்தாலும் வயிறு எரியும்.

முதலாளி தறிகளை விற்றபோது எங்கள் இருவருக்கும் வயது ஐம்பத்தேழு. வாசுதேவநல்லூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஒரே இடம், நாங்கள் இரண்டு பேர். சேர்ந்தே போய் வாய்ச்சொல்லாகப் பெயர் கொடுத்தோம். நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று அவன் மகள் ஜெபா போனில் பார்த்து வாசிப்பாள். ஒருவர் தாளாளராக நாற்காலியில் உட்கார, மற்றவர் நின்று பதில் சொல்ல வேண்டும்.

"உங்கள் பலவீனம் என்ன?" என்று ஒரு கேள்வி. "சுகர் இருக்கு, வலது முட்டியில வலி" என்றான் ஞானமுத்து. "யப்பா, அது டாக்டர்ட்ட சொல்லுதது" என்று ஜெபா சிரித்தாள். எத்தனை தரம் கேட்டாலும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் முறை வந்தபோது யோசிக்காமலே சொன்னேன். "சார், எனக்கு எழுத்து தெரியாது, அதுதான் பலவீனம். எழுதி வைக்க முடியாதவன் மறக்கவும் முடியாது. ஒரு முகத்த ஒரு தடவ பாத்தாப் போதும்."

ஞானமுத்து தாளாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "இன்னொரு தரம் சொல்லும் வே" என்றான். ஒரு வாரம் தினமும் சொன்னேன். எழுத்து தெரியாததை நினைத்து நான் பெருமைப்பட்டது அந்த ஒரு வாரம்தான்.

நேர்காணலுக்கு அவனை முதலில் கூப்பிட்டார்கள். பிறகு நான் போனேன். பலவீனம் என்ன என்றதும் என் பதிலைச் சொன்னேன். தாளாளர் சிரித்துவிட்டார். "பெரியவரே, இப்ப வந்துட்டுப் போனவரும் இதையேதான் சொன்னாரு. வெளிய நிக்கும்போது கேட்டு மனப்பாடம் பண்ணிட்டீரா?"

வேலை அவனுக்குக் கிடைத்தது. பயத்தில் வாயில் அதுதான் வந்தது என்று சத்தியம் செய்தான். நான் இன்றுவரை நம்பவில்லை. ஆனால் பதிலை முழுசாக ஒப்பித்தவன் அதன் முதல் பாதியையும் அல்லவா சொல்லித் தொலைத்துவிட்டான்! எழுத்து தெரியாதவர் என்று ஆபீசில் மைப்பெட்டியை நீட்டினார்கள். முத்து முத்தாக எழுதுகிறவன் கைநாட்டு வைத்தான். தபால் வந்தால், இது யாருக்கு என்று தபால்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வான். படிப்பு அவனுக்கு, வேலையும் அவனுக்கு. எனக்கென்று இருந்தது எழுத்தறியாமை ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்று இருந்தது.

இரண்டு வருஷம் பொறுத்தேன். ஒருநாள் என் வீட்டுக்காரி, காக்கிச் சட்டையில் அவர் எவ்வளவு எடுப்பாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில், தாளாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறிவிட்டேன்.

கேட்டில் நின்றவன் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். கதவை முழுசாகத் திறந்துவிட்டான்.

"போய்ச் சொல்லிரும் வே. எனக்கும் விடுதலை. ரெண்டு வருஷமா இங்கன உக்காந்து பேப்பர் தொட முடியல. வடை மடிச்ச தாளப் படிக்கதுக்காகவே தெனமும் வடை வாங்கித் திங்கேன்."

நான் சிரிக்கவில்லை. அவன் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாக வாசித்தான். "நெத்தியில தழும்பு, கண்ணாடி, எட்டாம் வகுப்பு செல்வியோட சித்தப்பா." பக்கம் பக்கமாக முகங்கள். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானே. ஒவ்வொருவர் போனதும் ஒளிந்து ஒளிந்து எழுதி, வீட்டில் போய்ப் பாடம் பண்ணியிருக்கிறான்.

"உமக்கு மண்டைக்குள்ள தானா நிக்கி. எனக்கு ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. அந்த ஆளுக்குக் குடுத்தத எனக்குக் குடுக்கலியேன்னு ஆண்டவர்ட்ட எத்தன நாள் சண்டை போட்டுருக்கேன் தெரியுமா?"

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. இரக்கத்தால் அல்ல, சந்தோஷத்தால். ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன். அதற்குப் பிறகு ஏழு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

அடக்க ஆராதனையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். தாளாளர் எழுந்து, எழுத்து வாசனையே இல்லாத இந்த மனிதர் ஒரு முகத்தையும் மறந்ததில்லை என்று பேசினார். அவன் பாடம் வாசிக்கும் இடத்தை எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். பின்வரிசையில் உங்களில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று அவர் விழித்தார். அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது வருஷம் காத்த மரியாதை பெட்டியை மூடுமுன் போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் நான் எழுந்து, "சரிதான் சார். அவருக்கு எழுத்து தெரியாது" என்றேன். தேவனுடைய வீட்டில் ஏன் பொய் சொன்னீர் என்று ஒரு மாதமாகக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இவ்வளவும் சொல்லி, சபைப் பத்திரிகைக்கு மருமகளை எழுதச் சொன்னேன். தாளாளர் இதைப் படித்தாலும் கவலையில்லை. இனி அவனை வேலையை விட்டு நீக்க முடியாது.

நல்லவன், விசுவாசி என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். என்னிடம் அவன் விட்டுப்போனது ஒன்றுதான். எட்டாவது படித்த ஒருவன், கைநாட்டான என்னைப் பார்த்து ஏங்கினான். இந்தச் சங்கரன்கோவிலில் என்மேல் பொறாமைப்பட்ட ஒரே மனிதன் அவன்தான். இனி அதற்கும் ஆள் இல்லை.