சத்தம் போன ஜீப்

போன மாதம் மகளுடைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை மேலிருக்கும் ஏரிக்குப் படகு சவாரி போயிருந்தேன். சவாரி கிடைக்கவில்லை. பழைய மோட்டார் படகு ஒன்றைக் கரையேற்றி, பலகையைத் திறந்துவைத்து, ஒருவர் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புகை வெளியேறும் மேனிபோல்டும், அதன்மேல் கழுத்து மாதிரி நிற்கும் ரைசரும் உள்ளுக்குள் அரித்துப்போய்விட்டன. இரண்டையும் மாற்ற வேண்டும். நட்டுகளோ அசைவேனா என்கின்றன. துருவின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், பிள்ளைகள் ஐஸ் கேட்டது என் காதில் விழவே இல்லை.

"சூடு காட்டிட்டு மெழுகுவர்த்தியத் தொட்டுப் பாருங்க, மெழுகு உள்ள எறங்கும்" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இன்னா, போட் மெக்கானிக்குங்களா?"

"இல்லீங்க, ஜீப்பு" என்றேன்.

ஜீப் என்றால் ஷேர் ஜீப். எங்கள் மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்குக் காலையில் இறங்கி, பிற்பகலில் ஏறும். எட்டுப் பேர் உட்காரலாம் என்று கம்பெனிக்காரன் நினைத்துச் செய்த வண்டி. பதினெட்டுப் பேரும், புளி மூட்டையும், காலைக் கட்டிய கோழிகளும் அதில் போகலாம் என்று கண்டுபிடித்தவர்கள் நாங்கள். டிரைவரும் நான்தான், மெக்கானிக்கும் நான்தான். திட்டு வாங்கவும் வேறு ஆள் கிடையாது.

அந்த ஜீப்பின் மேனிபோல்டு விரிசல் விட்டிருந்தது. புகை குழாய்க்குப் போகாமல் பாதியிலேயே வெளியேறும். முன்சீட்டில் வந்தவர்கள் கீழே இறங்கும்போது அடுப்பூதி வந்தவர்கள் மாதிரி மூக்கெல்லாம் கரியாக இருப்பார்கள். சத்தமோ கேட்கவே வேண்டாம். இரண்டு வளைவு தள்ளி வரும்போதே மலை முழுக்க டமடமவென்று அதிரும்.

அப்போதெல்லாம் எங்கள் மலையைச் செல்போன் டவர் எட்டிப் பார்த்ததில்லை. வண்டிக்கும் குறித்த நேரம் கிடையாது. ஆனாலும் யாரும் ரோட்டில் நின்று காத்திருக்க மாட்டார்கள். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார்கள். நான் வளைவு திரும்பினால் சரியாக வந்து கை காட்டுவார்கள். இதை என் ராசி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே வேறொன்றும் வருகிறது.

ஒரு சனிக்கிழமை பூங்காவனம் வண்டியிலிருந்து இறங்கும்போது சொன்னாள். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டுக் கொல்லை வேலை செய்துகொண்டிருந்தவள். புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை. "திங்கக்கெழம பத்து மணிக்குத் திருப்பத்தூர்ல இன்டர்வியூண்ணா. அங்கன்வாடி வேல. வண்டி வரும்ல்ல?"

"வராம எங்க போவுது? நீ பாட்டுக்கு வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. வேலூர் காயலான் கடையில் பிடித்து வைத்திருந்த மேனிபோல்டை அன்றைக்குத்தான் மாட்டினேன். எட்டு போல்ட்டில் இரண்டு முறிந்து, உள்ளே தங்கிய துண்டுகளைத் துளைபோட்டு எடுப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. சாயங்காலம் ஸ்டார்ட் செய்தால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். கரி இல்லை, புகை இல்லை. என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

திங்கட்கிழமை காலை அப்படியே மிதந்துகொண்டு இறங்கினேன். எந்த வளைவிலும் ஆளைக் காணோம். எல்லாருமாக எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பூங்காவனம் ஏறுமிடத்திலும் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமையே நடந்து இறங்கி, கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு ஹாரன் அடித்திருக்கலாம். அந்த அமைதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை.

பிற்பகல் திருப்பத்தூரில் வண்டி எடுக்கும் நேரத்தில் வந்தாள். நல்ல புடவை, முழங்கால் வரை புழுதி. சர்ட்டிபிகேட் பையை மார்போடு அணைத்திருந்தாள். குறுக்குப் பாதையில் நடந்தே இறங்கியிருக்கிறாள். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வூட்டு வாசல்லயே காதக் குடுத்துக்கினு ஒக்காந்திருந்தேண்ணா. சத்தமே வரல. வண்டி இன்னிக்கு ஓடல போலன்னு நடந்துட்டேன்."

"ரிப்பேர் பண்ணேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் இன்ஜின் ஓடுவதைக் காதுகொடுத்துக் கேட்டாள். "நல்லா கீதுண்ணா" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் வண்டி எடுக்கும் முன்பே இரண்டு நட்டைத் தளர்த்திவிட்டேன். பாடுபட்டு மாட்டியதைக் கெடுத்த ஒரே மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன். டமடம சத்தம் திரும்பி வந்தது, புகையும் வந்தது. எல்லா வளைவிலும் ஆட்கள் நின்றார்கள். "இப்பத்தான் நம்ம வண்டி மாரி கீது" என்று சிரித்துக்கொண்டே மூக்கைப் பொத்தினார்கள்.

அங்கன்வாடி வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அடுத்த வருஷம் பூங்காவனம் குழந்தையையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பினாள். என் வண்டியில்தான். நான் போகும்போது ரோட்டோரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்ப வந்த?"

"விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டேண்ணா."

"சத்தம் கேட்டு வந்தாப் போதாதாம்மா?"

"போதாதுண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பக்கம் தார் ரோடு இருக்கிறது. எப்போதாவது பஸ்ஸும் வருகிறது. எந்த வளைவில் வருகிறீர்கள் என்று டிரைவருக்கே போன் போட்டுக் கேட்கிறார்கள். ஜீப்பை இரும்புக்குப் போட்டு வெகு காலமாகிறது. பூங்காவனத்தின் வீடு இருந்த இடத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. திருப்பூரில் எங்கே இருக்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று அன்றைக்குத் திருப்பத்தூரிலேயே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாமென்றால் அவள் இல்லை.