கோட்டைக்குள் எங்கள் தெரு

ஒரகடத்துத் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த உற்பத்தி லைனை மூடிய பிறகு எனக்குக் கிடைத்த வேலை, ஒரு ராணியைத் தினமும் ஏரியில் குதிக்க வைப்பது.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதைச் சென்னைக் கம்பெனி ஒன்று குத்தகைக்கு எடுத்து ரிசார்ட் ஆக்கியிருந்தது. வருகிறவர்களை மதிலைச் சுற்றி அழைத்துப்போய்க் கோட்டையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். எதிரிப் படை உள்ளே நுழைந்ததும் ராணி இந்தக் கொத்தளத்திலிருந்து ஏரியில் குதித்தாள் என்று மேனேஜர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். "ஜனங்களுக்கு ஒரு ராணி வேணுங்க" என்பார்.

உண்மையில் அந்தக் கோட்டையைக் கட்டியது யாரென்று ஊரில் யாருக்கும் தெரியாது. நவாபு காலத்தது என்பார்கள். வெள்ளைக்காரன் கொஞ்ச காலம் அதில் வெடிமருந்து வைத்திருந்தானாம். அவன் போன பிறகு ஆடு மேய்ந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், பெண்கள் மதிலில் வறட்டி தட்டினார்கள். கம்பெனி வந்த பிறகு அகழி இருந்த இடத்தில் தண்ணீர்ச் சறுக்குகள் வந்தன. நடு முற்றத்தில் குடை ராட்டினம் வந்தது. யானை கட்டிய இடம் என்று சொல்லப்பட்ட கல் மண்டபம் கல்யாண ஹால் ஆனது. ஏரியில் வாத்து வடிவப் பெடல் படகுகள் மிதந்தன. ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரி. ஹாஸ்டலில் தங்கி லைன் வேலை பார்க்க வந்தவள், அதே லைனில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊர் மருமகள் ஆனேன். அவருக்கு மறைமலை நகரில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. எனக்கு இந்தக் கோட்டை. எங்கள் வீடு ஏரிக்குக் கீழே, கீழ்த்தெருவில். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. டிவியில் செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதை மட்டுமே சொன்னார்கள். எங்களுடையது சின்ன ஏரி, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகளை வீட்டில் அத்தையிடம், என் மாமியாரிடம், விட்டுவிட்டு நான் வேலைக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். கோட்டையில் ஒரு விருந்தாளிகூட இல்லை.

காலை டீ குடித்து முடிக்கும்போது படகு பார்த்துக்கொள்ளும் தம்பி கரையிலிருந்து ஓடி வந்தான். என் வீட்டுக்காரருக்குச் சொந்தக்காரப் பையன்.

"அண்ணி, தெக்கால கரை அரிச்சிக்கினு போவுது. கீழ்த்தெருல தண்ணி பூந்துடுச்சி."

அவருக்குப் போன் போட்டேன், போகவில்லை. அத்தைக்குப் போட்டேன், அதுவும் போகவில்லை. அதற்குள் கேட்டுக்கு வெளியே ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் ஆட்டுக் கயிறு. வாட்ச்மேன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் போனைப் பார்த்தார்.

"ஹெட் ஆபீஸ்ல கேட்காம எப்படிங்க திறக்கறது?" என்று என்னிடம் கேட்டார். என் கண் அந்தக் கூட்டத்தில் அத்தையையும் மகளையும் தேடிக்கொண்டிருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பச்சைக் குழந்தையை முறத்தால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "திறந்துடுங்க" என்றார். "ஆடு மட்டும் ஹாலுக்குள்ள வேண்டாங்க" என்றும் சொன்னார். மத்தியானத்துக்குள் ஆடுகளும் ஹாலுக்குள்தான் இருந்தன.

எல்லோரும் உள்ளே வந்த பிறகும் என் ஆட்களைக் காணவில்லை. படகுத் தம்பியும் நாலைந்து பையன்களும் ஒரு வாத்துப் படகைத் தோளில் தூக்கிக் கரையைத் தாண்டிக் கீழே இறக்கினார்கள். விருந்தாளிகளுக்குத் தினமும் மாட்டிவிடுகிற லைப் ஜாக்கெட்டை முதல் தடவையாக நானே மாட்டிக்கொண்டேன். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள், நீச்சல் எங்கே தெரியும்.

தெருவில் பெடல் வேலை செய்யவில்லை. அடியில் வேலிக்கம்பி மாட்டியது. பையன்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, வாத்தின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார்கள். எங்கள் வீட்டுக் கதவில் வெளியே பூட்டு தொங்கியது. மகள் குளிக்கிற சிவப்பு பக்கெட் ஜன்னலோரம் மிதந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா குடும்பத்தோடு மாடியில் நின்றிருந்தார். "உங்க மாமியாரு பாப்பாவ இட்டுக்கினு மதகு பக்கம் போச்சிமா. அப்போ முட்டி அளவுதான் தண்ணி" என்றார்.

மதகுப் பக்கம்தான் கரை அரித்துக்கொண்டிருந்தது. "அங்க போகலாம் தம்பி" என்றேன். கொஞ்ச தூரம் போனார்கள். இழுப்பு படகைப் பக்கவாட்டில் திருப்பியது.

"அண்ணி, இதுக்கு மேல போனா நாமளும் வரமாட்டோம்" என்றான் தம்பி. அவன் சொன்னது சரிதான். அது சரி என்று எனக்குத் தெரிந்ததுதான் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் அந்த அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தைகூட எனக்குள் போகவில்லை.

முற்றத்துக்குள் நுழைந்தபோது குடை ராட்டினத்தின் வெள்ளைக் குதிரைமேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் கொடுத்த ஸ்விம்மிங் பூல் துண்டைப் போர்த்திக்கொண்டு கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது ஏன் சுத்த மாட்டேங்குது?" என்று என்னைக் குறை சொல்வதுபோலக் கேட்டாள்.

அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அத்தை தூண் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னாமா மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போயி கீது?"

"எந்த வழியா வந்தீங்க அத்தை? கேட்டுல உங்களக் காணலையே."

"மதகாண்ட சத்தம் மாறுச்சி. அப்பவே பூட்டிக்கினு கெளம்பிட்டோம். மதகு பக்கமா கரை ஏறினா பின்னால பம்பு ரூமாண்ட மதிலு ஒடஞ்சி கீது இல்ல, அது வழியா பாப்பாவ இட்டுக்கினு மெள்ள ஏறி கொஞ்சம் முன்னதான் வந்தோம். நாங்க எப்பவும் வர்ற வழி அதான்."

எப்பவுமா என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கோட்டையின் வரலாறு எனக்குக் கிடைத்தது. ஏரி பயமுறுத்தும்போதெல்லாம் ஊர் ஏறி வந்து தங்குகிற இடம் அது. ராணியைப் பற்றிக் கேட்டதற்கு, அப்படி ஒருத்தியைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கல்யாண ஹாலுக்குள் கூட்டிப்போய், ஒரு தூணில் சுற்றியிருந்த சிவப்பு ஜரிகைத் துணியை விலக்கிக் காட்டினார். கல்லில் பழைய அடுப்புக் கரி படிந்திருந்தது.

"உன் புருசன் கைக்கொழந்தயா இருக்க சொல்ல, இந்தத் தூணாண்டதான் ஏணை கட்டிப் போட்டேன். நிறைய பேரு இருந்தோம். ஒரே அடுப்பு, ஒரே கஞ்சி."

நான் ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே ஜனங்கள் தெருத் தெருவாக உட்கார்ந்திருந்தார்கள். கீழ்த்தெரு கிழக்குச் சுவரோரம், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே வரிசையில். ரிசார்ட் சமையல்காரர் பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிளறிக்கொண்டிருந்தார். எங்கள் தெருப் பெண்கள் அவரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மழை தூறலாக ஆனபோது என் வீட்டுக்காரர் வந்தார். கம்பெனி பஸ் நடுவழியில் நின்றுவிட, மெயின் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். பேன்ட் இடுப்புவரை சேறு.

"நாங்க இங்க இருக்கோம்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"வேற எங்க போவீங்க?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் அழுகையாக வந்தது. மனசு தீர அழுத பிறகு நல்ல பசி எடுத்தது.

கரை முழுசாக உடையவில்லை. பொதுப்பணித் துறை ஆட்களும் ஊர்க்காரர்களும் மணல் மூட்டை அடுக்கி நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ரிசார்ட் முதலாளி சென்னையிலிருந்து கிளம்பிவிட்டார் என்று தகவல் வந்தது. மேனேஜர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். எனக்கும் வேலை போய்விடும் என்றே தோன்றியது. முதலாளி ஹாலுக்குள் வந்தார். சேறு, ஆட்டுப் புழுக்கை, கம்பளத்தில் சாம்பார் கறை எல்லாவற்றையும் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றார் மேனேஜர்.

"அடுத்த வாரம் கல்யாண புக்கிங் இருக்கு. அதுக்குள்ள கழுவி விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிவிட்டார். அவ்வளவுதான். கார் கரையைத் தாண்டும்வரை மேனேஜர் அசையாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு டீ குடிக்கலாங்களா?" என்றார்.

மறுநாள் நல்ல வெயில். எங்கள் தெருப் பெண்கள் யாரும் கூப்பிடாமலே விளக்குமாற்றோடு வந்து ஹாலைக் கழுவினார்கள். வீடுகளில் நனைந்த பாய், தலையணை, கம்பளி எல்லாவற்றையும் கொண்டுவந்து மதில் முழுக்கக் காயப்போட்டார்கள். ஏரிக் காற்றில் அவை படபடத்துக்கொண்டிருந்தன. மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டு நடந்துபோனார். எடுக்கச் சொல்லவில்லை.