நடுவில் ஓடியவன்

சனிக்கிழமை பின்னேரங்களில் அப்பா பிளாஸ்டிக் கதிரையைத் தொலைக்காட்சிக்கு மிக அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். நீரிழிவு வருத்தம் அவருடைய பார்வையைப் பெரும்பாலும் கொண்டுபோய்விட்டது. பச்சைத் தரையில் அசையும் நிறங்கள் மட்டுமே அவருக்குத் தெரிந்தன. அந்த நிறங்களுக்குள் என் தம்பியைத் தேடினார்.

குருநகர்க் கடற்கரையில் வெறுங்காலோடு பந்தடித்துத் திரிந்த தம்பியைச் சண்டைக் காலத்தில், பன்னிரண்டு வயதில், மாமாவிடம் இங்கிலாந்துக்கு அனுப்பினோம். அங்கே அவனுக்கு உதைபந்தாட்டமே தொழிலாயிற்று. கேட்கப் பெரிதாக இருக்கும். அவன் விளையாடியது கீழ்ப்பிரிவுக் கழகங்களில். பத்து வருடங்களில் ஆறு கழகங்கள், ஆறு ஊர்கள், ஆறு வாடகை அறைகள். "நான் கோல் அடிக்கிற ஆள் இல்லை, அக்கா. நடுவிலை நிண்டு பந்தைப் பறிச்சு முன்னுக்குக் குடுக்கிறதுதான் என்ரை வேலை" என்பான் தொலைபேசியில். அவன் குரலுக்குப் பின்னால் வேறொரு குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பிரிவு ஆட்டங்களை இங்கே காட்டமாட்டார்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அப்பா நம்பவில்லை. காலில் புண் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் வாரம், "இண்டைக்கும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். பெரிய கழகமொன்றின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கறுத்த பொடியன் ஒருவன் நின்றான். "உதிலை நிக்கிறான், அப்பா" என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு சனியும் ஒருவனைக் காட்ட வேண்டியதாயிற்று. சட்டை நிறம் மாறினால் தம்பி கழகம் மாறிவிட்டான் என்பேன். அந்த ஒன்று மட்டும் முழுப் பொய்யில்லை. அடுத்த வருடம் அப்பா செத்துப்போனார். முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்த தம்பியால் வர முடியவில்லை.

மூன்று வருடங்கள் கழித்து, விளையாட்டு முடிந்துபோன பிறகு, நொண்டிக்கொண்டு வந்தான். சவக்காலையில், அப்பாவின் கல்லறையடியில் நின்றபோது, அவரோடு கடற்தொழிலுக்குப் போன கிழவர் ஒருவர் அவனுடைய கையைப் பிடித்தார். "கொப்பர் உன்ரை ஆட்டம் ஒண்டும் விடாமல் பார்த்தவர், தம்பி."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வீடு வந்து சேர்ந்தோம். விறாந்தையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பான் என்று காத்திருந்தேன்.

"ஆரைக் காட்டினனீ?"

"பேர் தெரியாது. நடுவிலை ஓடித் திரிஞ்ச ஒருத்தன்."

"நல்லா விளையாடினவனோ?"

"ஓம். அப்பா கை தட்டினவர்."

பிறகு தன் கைத்தொலைபேசியை எடுத்து, பார்வையாளர் யாரோ பிடித்த ஒரு துண்டு வீடியோவைப் போட்டுக் காட்டினான்.

இப்போது அவன் திரும்பவும் இங்கிலாந்தில், பார்சல் வாகனம் ஓட்டுகிறான். இந்த வீட்டில் நான் தனியே இருக்கிறேன். அவன் அனுப்பிவிட்ட அந்த வீடியோவை இடைக்கிடை பார்ப்பேன். மழை பெய்கிறது, சனம் குறைவு. தம்பி ஒருவனிடமிருந்து பந்தைப் பறிக்கிறான், தலையை நிமிர்த்திப் பார்க்கிறான், நீளமாக முன்னுக்கு அடிக்கிறான். வீடியோ எடுத்தவர் பந்தோடு போய்விடுகிறார். கோல் விழுகிறது, எல்லோரும் கத்துகிறார்கள். தம்பி அப்போது என்ன செய்துகொண்டு நின்றான் என்பது அதில் இல்லை.