சூப்பான் மரம்

பிர்தெ வாழ்நாளெல்லாம் ஓடென்ஸ் நகரப் பேருந்து ஓட்டியவள். வாய்த்துடுக்கு அதிகம். டிக்கெட் இல்லாமல் ஏறியவனை வண்டியே திரும்பிப் பார்க்கும்படி திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் சத்தம் அடங்கும் ஒரே இடம் பூங்காவின் பழைய ஓக் மரத்தடிதான்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூன்று வயதானால், வாயில் வைத்துச் சப்பும் தங்கள் ரப்பர் சூப்பானை ரிப்பனில் கட்டி அந்த மரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது. பிர்தெயின் ஒரே மகன் த்ரோல்ஸும் அப்பா தோளில் ஏறி, உயரக் கிளையில் தன் பச்சைச் சூப்பானைக் கட்டினான். அந்த வாரமே மூளைக் காய்ச்சலில் போய்விட்டான். பிறகு கணவனும் பிரிந்தான். வீடு மாறியபோது பிள்ளையின் சட்டை, பொம்மை எல்லாம் கைவிட்டுப் போயின. அவனுடையது என்று மிஞ்சியது மரத்தில் தொங்கிய அந்தச் சூப்பான்தான்.

பூங்காவை விற்றார்கள். ஆறு மாடிக் குடியிருப்பு வருகிறதாம். அதற்குப் பெயர் ‘ஓக் தோட்டம்’. வெட்கம் கெட்டவர்கள்! கூட்டம் போட்டோம், மழையில் பலகை பிடித்து நின்றோம். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

வெட்டுவதற்கு முன், வேண்டியவர்கள் வந்து சூப்பானை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

“ஏண்டி, ஏணி போட்டு வச்சிருக்காங்க. போய் எடுத்துட்டு வாயேன்,” என்றேன்.

“அவன் குடுத்ததை நான் பிடுங்கவா?”

“மரமே போகப்போகுது. இன்னும் என்ன சட்டம் பேசற?”

“எல்லாத்தையும் புதுக் கன்னுல கட்டித் தர்றதா மரம் வெட்டற மேஸ்திரி சொல்லியிருக்கான். நீ உன் வேலையப் பாரு.”

மேஸ்திரியின் ஆட்கள் கைக்கு எட்டியதை மட்டும் கழற்றினார்கள். நாங்கள் போனபோது மரம் இல்லை. வானம் அசிங்கமாகத் திறந்து கிடந்தது. கிளைகளை எந்திரம் தூளாக்கியிருந்தது. குச்சி மாதிரி நின்ற கன்றில் ஊரார் பிள்ளைகளின் சூப்பான்கள் தொங்கின. பிர்தெ ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

“பச்சையா ஒண்ணு... மேல இருந்துச்சே?”

“மேல இருந்ததெல்லாம் கிளையோட போயிருக்கும்மா,” என்றான் மேஸ்திரி. “புதுசா ஒண்ணு வாங்கிக் கட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

அவனைக் கிழிகிழியென்று கிழிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் மரத்தூள் குவியலருகே மண்டியிட்டுத் துழாவ ஆரம்பித்தாள். நானும் துழாவினேன். ஒரு ரிப்பன் நூல்கூடக் கிடைக்கவில்லை. அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

“காய்ச்சல்ல கிடந்தப்ப அதைக் கேட்டு அழுதுக்கிட்டே இருந்தான்டி,” என்றாள். “நான் போய் எடுத்துட்டு வரல.”